வீகன் உணவில் நிலைக்க முடியவில்லையா? விட்டுவிடும் முன் இந்த நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்

"கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது, அப்புறம் ஒரு நாள் சீஸ் சாப்பிட்டுவிட்டேன், இப்போது வாரத்தில் பாதி நாள் அப்படித்தான், பேசாமல் விட்டுவிடட்டுமா?" வீகன் உணவுக்கு மாறியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் மனதில் இரண்டே வழிகள் இருக்கின்றன. ஒன்று, இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடாமல் இருப்பது. இல்லையென்றால் பழையபடி எல்லாவற்றையும் சாப்பிடுவது. நடுவில் இருக்கும் வழிகளை யாரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, சோர்ந்துபோன ஒரு நாளில் முடிவெடுத்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

தடுமாறுவது நீங்கள் மட்டுமல்ல. 2014-இல் ஃபானலிட்டிக்ஸ் என்ற ஆய்வு அமைப்பு அமெரிக்காவில் 11,000-க்கும் அதிகமானவர்களிடம் விசாரித்தது. ஒரு காலத்தில் சைவத்துக்கோ வீகனுக்கோ மாறியவர்களில் 84 சதவீதம் பேர் பிறகு அதைக் கைவிட்டிருந்தார்கள். கைவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்று மாதங்களுக்குள், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: கைவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி முயலும் ஆர்வம் இருந்தது. இத்தனை பேருக்கும் மன உறுதி இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. உண்மையான அக்கறையோடு தொடங்கியவர்கள் இவர்கள், பலரும் தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத ஒரு முறையில் தொடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, ஏன் தொடங்கினீர்கள். விலங்குகளுக்காகவா, பருவநிலைக்காகவா, உடல்நலத்துக்காகவா? மூன்றுக்காகவும் என்று சொல்லத் தோன்றும். இருந்தாலும் ஒன்றை முன்னால் வைத்தாக வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறிவிடும். மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழிக்கு மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகள் மீத்தேனை வெளியிடுவதால், பருவநிலைக் கணக்கில் அது பெரிய முன்னேற்றம். விலங்குகளின் கணக்கில் பார்த்தால் பெரிய பின்னடைவு: ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கிறது, ஒரு கோழியிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோதான், அதே எடைக்கு நூறு கோழிகளாவது சாக வேண்டும். ஒரே மாற்றம், ஒருவருக்கு வெற்றி, இன்னொருவருக்கு அவர் எதற்காகத் தொடங்கினாரோ அதற்கே எதிரானது.

இரண்டாவது கேள்வி, எங்கே உடைகிறது. "கட்டுப்படுத்த முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் தெரியாது. கடைசியாக எப்போது தவறியது, அப்போது எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள், அதற்கு முந்தைய வேளை என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: பசி, மற்றவர்கள், சமைக்க நேரமின்மை, அல்லது ஒரு குறிப்பிட்ட பொருள் மீதான ஆசை. இந்த நான்குக்கும் தீர்வு வேறு வேறு.

மூன்றாவது, உடம்புக்குத் தேவையானது கிடைக்கிறதா. நான்காவது, ஒரு நாளைக்கு எத்தனை முறை "இதைச் சாப்பிடலாமா, வேண்டாமா" என்று யோசிக்க வைக்கிறது. இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஆனால் ஆளைக் களைப்படைய வைப்பது இந்த ஓயாத யோசனைதான். ஐந்தாவது, ஒரு முறை தவறினால் என்ன ஆகும். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த உளவியலாளர்கள் பீட்டர் ஹெர்மனும் ஜேனட் போலிவியும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று நினைத்ததும், "போனது போகட்டும்" என்று கட்டுப்பாடே இல்லாதவர்களை விடவும் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒரு துண்டு சீஸ் ஒரு வாரத்தையே கொண்டுபோவது இப்படித்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி இதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

## வழியை மாற்றும் முன்: வயிறு நிறைகிறதா?

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வழியைக் குறை சொல்பவர்களில் நிறைய பேருக்கு உண்மையில் சாப்பாடு போதவில்லை.

தட்டிலிருந்து இறைச்சியையும் பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்கறியை மட்டும் வைத்தால் தட்டு நிறைந்துதான் தெரியும். ஆனால் 100 கிராம் கீரையில் 25 கலோரிக்கும் குறைவுதான், அதே எடையுள்ள சமைத்த கோழியில் சுமார் 165. அந்த இடத்துக்கு வர வேண்டியது பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, டோஃபு (சோயா பாலை உறையவைத்த கட்டி), கொட்டைகள், விதைகள். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 115 கலோரியும் இருக்கும். ஒவ்வொரு வேளையிலும் இந்த வகையில் ஏதாவது ஒன்று கணிசமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு வரும் "இறைச்சி ஆசை" பல பேருக்கு மதியம் சாப்பிடாத கலோரிதான்.

தாவரப் பால்களும் எல்லாம் ஒன்றல்ல. சோயா பாலில் பசும்பாலுக்கு நெருக்கமான அளவு புரதம், 100 மில்லிக்கு சுமார் 3 கிராம். கடையில் கிடைக்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் அரை கிராம்தான். காபியில் ஊற்ற எதுவானாலும் சரி, பால் தந்த புரதத்தை ஈடுசெய்ய வேண்டும் என்றால் வித்தியாசம் பெரிது.

வயிறு உப்புசம், வாயு என்று விட்டவர்களும் உண்டு. நார்ச்சத்து ஒரே வாரத்தில் இரண்டு மடங்கானால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பயறு வகைகளை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, அளவைச் சில வாரங்களில் மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடுகிறது.

அப்புறம் வைட்டமின் பி12. இதில் விவாதத்துக்கே இடமில்லை. தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது, ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பது பெரும்பாலும் மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடங்கள் ஆகலாம், தெரியும்போது கை கால் மரத்துப்போவது, மறதி, தீராத களைப்பு என்று வரும், நரம்பு பாதிப்பு முற்றிவிட்டால் அதை முழுசாகச் சரிசெய்ய முடியாமலும் போகலாம். பிரிட்டனின் வீகன் சொசைட்டி தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. "வீகன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எப்போதும் களைப்பு" என்று முடிவுகட்டும் முன் பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரும்புக்கு ஒரு எளிய விஷயம்: சாப்பாட்டோடு எலுமிச்சை, தக்காளி போல வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் தாவர இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், டீயும் காபியும் அதைத் தடுக்கும், அதனால் அவற்றை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உடைகிறது என்றால், வழிகளைப் பார்ப்போம்.

## வழி 1: முழு வீகனாகவே தொடர்வது, உடைந்த இடத்தை மட்டும் சரிசெய்வது

விதி ஒன்றே ஒன்று என்பதால் யோசனை குறைவு. "சாப்பிடுவதில்லை" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. நாக்கும் காலப்போக்கில் பழகிக்கொள்ளும், இடையிடையே சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் தாமதமாகும். விலங்குகளுக்காகத் தொடங்கியவர்களுக்கு மனசாட்சியோடு பேரம் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதி வேறு, அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

மறைந்திருக்கும் விலை என்ன? பி12 மாத்திரை வாழ்நாள் முழுக்க. கால்சியத்தைக் கவனித்தே ஆக வேண்டும்: பிரிட்டனில் பல ஆண்டுகள் தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2020 அறிக்கையில், இறைச்சி உண்பவர்களை விட வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் அதிகம். கால்சியம் சேர்த்த தாவரப் பால் (குலுக்கிவிட்டுக் குடியுங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும்), கால்சியம் உப்பு கொண்டு உறையவைத்த டோஃபு, போதுமான புரதம், எடை தூக்கும் உடற்பயிற்சி எல்லாமே இதில் சேரும். அயோடின் தனியாகக் கவனிக்க வேண்டியது. பாக்கெட்டில் வரும் வீகன் இறைச்சி, வீகன் சீஸ் ஆகியவற்றையே நம்பியிருந்தால் செலவும் கூடும், உப்பும் கூடும், சீஸ் போலிருக்கும் பலவற்றில் புரதம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

சோர்ந்துபோன முழு வீகன்களிடம் நான் பார்க்கும் இன்னொன்று, விதியை அவர்களே மேலும் மேலும் இறுக்கிக்கொள்வது. சர்க்கரையை எதைக் கொண்டு வெளுக்கிறார்கள், ஒயினை எதைக் கொண்டு தெளியவைக்கிறார்கள், மாத்திரை உறையில் ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்று தேடித் தேடி, கடைசியில் எதையும் நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை. 1944-இல் தொடங்கிய அதே வீகன் சொசைட்டியின் வரையறையிலேயே "முடிந்தவரை, நடைமுறைக்கு ஏற்றவரை" என்ற வரம்பு இருக்கிறது. துளி அளவுக் கலப்புகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, தட்டில் முக்கியமாக இருப்பதைக் காப்பாற்றுங்கள். விலங்குகளுக்கும் அதில்தான் பலன் அதிகம்.

யாருக்குப் பொருந்தும்: பசியாலோ சமையல் நேரத்தாலோ உடைபவர்களுக்கு. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஐந்தாறு சாப்பாடு, உறைபெட்டியில் வெந்த பயறு, பையில் கொஞ்சம் கொட்டை, இவ்வளவே போதும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் நிறுத்த முடியாது, முழுசாக விட்டால்தான் முடியும் என்ற சுபாவம் உள்ளவர்களுக்கும் இதுதான்.

## வழி 2: ஒரு படி பின்வாங்கி, ஒவ்வொன்றாக விடுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டு மூச்சுத் திணறியவர்களுக்கு இது இயல்பான வழி. எதை முதலில் விடுவது என்பதுதான் இதன் உயிர். விலங்குகளுக்காக என்றால் கோழி, மீன், முட்டை முதலில், ஏனென்றால் ஒரு வேளைக்கு ஆகும் உயிர்கள் அங்கேதான் அதிகம். முட்டைக்கோழி வளர்ப்பில் ஆண் குஞ்சுகள் முட்டையிடாது என்பதால் பல நாடுகளில் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன, இறைச்சி இல்லாததால் முட்டை பாதகமில்லை என்ற எண்ணம் அதனால் சரியல்ல. பருவநிலைக்காக என்றால் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பிறகு சீஸ். ஆனால் இந்தத் தர்க்கத்தை நடைமுறை மீறும் இடமும் உண்டு: எது உங்களுக்கு எளிதோ அதை முதலில் விட்டுப் பழகுவது, மனதுக்குத் தெம்பு தரும்.

காலக்கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2010-இல் வெளியான பழக்கங்கள் பற்றிய ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வித்தியாசம். வாரத்துக்கு ஒன்றாக விடும் திட்டங்கள் ஏன் சரிகின்றன என்பது இதிலிருந்தே புரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதமாவது கொடுங்கள். இன்னொரு நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருந்தது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

மறைந்திருக்கும் விலை இரண்டு. இறைச்சியை விட்டதும் சீஸும் முட்டையும் இரண்டு மடங்காகிவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். இரண்டாவது, பெரும்பாலானவர்கள் சீஸிலோ தயிரிலோ வந்து நின்று வருடக்கணக்காக அங்கேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த படிக்குத் தேதி குறிக்காமல் இந்த வழியைத் தொடங்காதீர்கள்.

## வழி 3: வீட்டில் வீகன், வெளியில் சைவம்

வீட்டுக்குள் விலங்குப் பொருள் எதுவும் வராது. வெளியில், விருந்தில், பயணத்தில் பாலும் முட்டையும் கலந்த சைவம் பரவாயில்லை. கேட்கச் சமரசம் போலத் தெரியும். ஆனால் மற்றவர்கள் முன்னால் உடைபவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி என்பது என் திடமான கருத்து.

காரணம், எல்லை இடத்தால் போடப்பட்டிருக்கிறது. சாப்பிடலாமா கூடாதா என்பதை உங்கள் அன்றைய மனநிலை தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. வீட்டில் சீஸ் இல்லை என்றால் இரவில் சீஸோடு போராட வேண்டியதில்லை. பிறந்தநாள் கேக்கைப் பற்றி யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் ஆசையாகச் செய்ததைத் தள்ளிவைத்து அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம். வாரத்தின் பெரும்பாலான வேளைகள் முழு வீகனாகவே கழியும்.

விலை? வெளியில் எப்போதாவது சாப்பிடுபவருக்குத்தான் இது பொருந்தும். தினமும் இரண்டு வேளை அலுவலகத்திலும் ஓட்டலிலும் சாப்பிடுபவருக்கு "வெளியில்" என்பது பாதி வாழ்க்கை, அவர் உண்மையில் காலை உணவு மட்டும் வீகனாகச் சாப்பிடுகிறார். அப்படியானால் எல்லையை மாற்றுங்கள்: மற்றவர் சமைத்துத் தரும்போது மட்டும் தளர்வு, காசு கொடுத்து நானே வாங்கும்போது எப்போதும் வீகன். என் காசு எந்தத் தொழிலுக்குப் போகிறது என்பது முக்கியமானவர்களுக்கு இந்த எல்லை இன்னும் நேர்மையாகப் பொருந்துகிறது. அடுத்தது, சுற்றியிருப்பவர்களின் குழப்பம். "போன மாதம் சாப்பிட்டாயே, இன்றைக்கு என்ன?" என்று கேட்பார்கள், இறைச்சி பரிமாறவும் துணிவார்கள். அதனால் எல்லையை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, வெளியில் பால் சேர்கிறதே என்று பி12 மாத்திரையை நிறுத்துவது. நிறுத்தக் கூடாது, எப்போதாவது குடிக்கும் பால் அதற்குப் போதாது.

## வழி 4: பெரும்பாலும் தாவர உணவு, எல்லாம் அளவோடு

பருவநிலைக்காகத் தொடங்கியவர்கள் இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டன் மக்களின் உணவை வைத்துக் கணக்கிட்டபோது, தினமும் 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவரின் உணவால் நாளொன்றுக்குச் சுமார் 10.2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்கள் வெளியாகின்றன, 50 கிராமுக்குக் கீழே உண்பவருக்கு அது சுமார் 5.4, சைவருக்கு 4.2, வீகனுக்கு 2.5. அதாவது நிறைய இறைச்சி உண்டவர் குறைத்தாலே ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது. பத்து வருடம் நிலைக்கும் பாதி, மூன்று மாதத்தில் முடியும் முழுமையை விட மேல்.

ஆனால் நான்கில் மிகவும் வழுக்கலான வழி இது. "பெரும்பாலும்" என்பதற்கு எல்லை இல்லை, ஒவ்வொரு வேளையும் புதிதாக முடிவெடுக்க வேண்டும், சில மாதங்களில் பழைய தட்டு திரும்பிவிடும். எண்ணக்கூடிய விதி ஒன்று இருந்தே ஆக வேண்டும்: இறைச்சி வாரத்தில் இந்த ஒரு நாள் மட்டும், அல்லது மாலை வரை முழுத் தாவர உணவு, இப்படி ஏதாவது. விலங்குகளுக்காகத் தொடங்கியவர் இதில் மனநிம்மதி அடைவது அபூர்வம், அவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழு வீகன் | ஒவ்வொன்றாக | வீட்டில் வீகன் | பெரும்பாலும் தாவரம் |
|---|---|---|---|---|
| எதனால் உடைபவர்களுக்கு | பசி, நேரம் | திடீர் மாற்றம், ஒரு பொருள் மீது ஆசை | மற்றவர்கள் | எல்லாவற்றாலும் |
| அன்றாட யோசனை | குறைவு | நடுத்தரம் | குறைவு | அதிகம் |
| மறைந்த விலை | மாத்திரை, திட்டமிடல், தனித்து நிற்பது | பாதியில் தேங்குவது | சுற்றியிருப்பவர் குழப்பம் | மெல்ல மெல்லப் பழையபடி ஆவது |
| ஒரு முறை தவறினால் | மொத்தமும் சரியும் ஆபத்து | அதே படியில் தொடரலாம் | எல்லைக்குள் திரும்புவது எளிது | தவறியதே தெரியாது |
| பி12 | கட்டாயம் | இறைச்சி விட்டதிலிருந்தே | கட்டாயம் | பரிசோதித்து முடிவுசெய்யலாம் |

## எந்த நிலையில் எது

கூட வசிப்பவர்கள் வீகன் இல்லை, சமையலும் உங்கள் கையில் இல்லை என்றால் வழி 1-ஐப் பிடித்துக்கொண்டு தினமும் சண்டை போடாதீர்கள். வழி 2-இல் தொடங்கி, வாரத்தில் சில வேளை எல்லோருக்கும் நீங்களே சமையுங்கள், ருசியாக இருந்தால் பாதி எதிர்ப்பு தானாக அடங்கும். தனியாக வசித்து, வேலைப்பளுவால் உடைபவர் வழி 1-லேயே இருங்கள், மாற்ற வேண்டியது சமையலைத்தான். சீஸ் ஒன்றே பிரச்சினை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்ட நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சீஸை மட்டும் வீட்டுக்கு வெளியில்தான் சாப்பிடுவது என்று ஒதுக்குங்கள். சீஸுக்காக முட்டையையும் மீனையும் திரும்பக் கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை.

கர்ப்பம், பாலூட்டும் காலம், சிறு குழந்தைகளின் உணவு, ரத்தசோகை, இவற்றில் எந்த வழியானாலும் மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் பேசித்தான் தொடர வேண்டும். முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: எந்த உணவை விடலாம் என்ற யோசனையே பழைய நோயைத் தூண்டலாம், அப்போது வீகனாக இருப்பதைத் தள்ளிவைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மாதம் அதை மாற்றாதீர்கள். அந்த இரண்டு மாதமும் தவறிய வேளைகளை மட்டும் குறித்து வையுங்கள்: எங்கே, யாரோடு, முந்தைய வேளை என்ன. பிறகு எடுத்துப் பாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப இருந்தால், அந்தக் காரணத்துக்கு எதிரே அட்டவணையில் இருக்கும் வழிக்கு மாறுங்கள். குறிப்புகள் சிதறலாக, குறைவாக இருந்தால் வழி சரிதான், வழி 2-இல் இருப்பவர் அடுத்த பொருளுக்கு அன்றே தேதி குறிக்கலாம்.